பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கப் போகுமுன்

மாசி மாதத்தில், சூடடித்து நெல் விற்ற கையோடு, ஒரு தாய் தம் மகளையும் கூட்டிக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வந்திருந்தார். புத்தம்புதிய பையொன்றுக்குள் ஒரு மடிக்கணினி. மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தார். அந்தக் குடும்பத்தில் வளாகம் போகும் முதற்பிள்ளை. சந்தோஷமாக வரவேண்டியவர்கள் முகம் வாடி வந்தார்கள்.

"சுவாமி, ஐ-செவின் எண்டு சொல்லித்தான் தந்தவை. ஐ-திறீயை விட ஐ-செவின் பெரிசாம். ஆனா இது துறந்து வாறதுக்குள்ள நான் உலை வைச்சு அரிசியும் போட்டிடுவன்" என்றார் தாய்.

மடிக்கணினியை வாங்கிப் பார்த்தோம். கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. அது ஐ7 தான். ஆனால் ஐ7-4600யூ. 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் தலைமுறை எந்திரம். உள்ளே 4 ஜிபி றாம், பழைய சுழலும் வன்தட்டு. இதற்கு அவர் கொடுத்தது எண்பத்தைந்தாயிரம் ரூபா. அதில் ஒரு பங்கு நெற்காசு, மறுபங்கு தோட்டை அடகு வைத்த காசு. கடைக்குத் திரும்பிப் போனபோது, "விற்ற பொருள் திருப்பி எடுப்பதில்லை" என்று சுவரில் ஒட்டியிருந்த கடதாசியைக் காட்டினார்களாம்.

அந்தத் தாயைப்போல் இன்னும் பலர் எம்மிடம் வருகிறார்கள், பெரும்பாலும் வாங்கிய பின்னர்தான். வாங்குமுன் வந்தால் நல்லது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

2020 ஆம் ஆண்டு பங்குனியில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் தொலைபேசிக்குள் வந்தபோதுதான் எமது கிராமங்களில் இந்தப் பேச்சுத் தொடங்கியது. அதற்கு முன் மடிக்கணினி என்பது பட்டணத்துப் பிள்ளைகளின் பொருள். இன்று வளாகத்துக்குப் போகும் பிள்ளைக்கு அது கொப்பி, பேனாவோடு சேர்ந்த பொருளாகிவிட்டது. 2022 இல் சில மாதங்களுக்குள் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது, இறக்குமதியாகும் இப்பொருளின் விலையும் சேர்ந்து ஏறியது. 2025 இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக உயர்ந்தது. ஆகவே இன்று பிழையான மடிக்கணினியை வாங்குவது, பத்து வருடங்களுக்கு முன் பிழையாக வாங்கியதைவிடப் பெரிய நட்டம்.

மேசைக்கணினி மலிவு, அதை வாங்கினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. நிரந்தர வீடும் நிலையான மின்சாரமும் உள்ளவர்களுக்கு அது நல்ல யோசனை. ஆனால் எமது வாசகர்களில் அனேகர் இன்னும் உறவினர் காணியிலோ வாடகைக் காணியிலோ இருப்பவர்கள். 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடியதும், கரண்ட் நின்றாலும் சிறிது நேரம் தாக்குப்பிடிப்பதும் நமக்கு வேண்டும். விடுதியில் தங்கப்போகும் பிள்ளைக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

எந்த மடிக்கணினி என்று கேட்குமுன், என்ன வேலைக்கு என்று கேட்க வேண்டும். குளத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பாராமல் எந்தக் கமக்காரனும் நெல்லினம் தெரிவதில்லை. மூன்று மாதத் தண்ணீர்தான் என்றால் பி.ஜி. 300. மூன்றரை மாதம் தாங்கும் என்றால் பி.ஜி. 352 அல்லது ஏ.ரி. 362. பக்கத்து வயற்காரன் விதைத்தான் என்பதற்காக நாமும் அதையே விதைத்தால் கதிர் வரும் நேரத்தில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். மடிக்கணினிக்கும் இதே கணக்குத்தான்.

கலைப்பீடம், வணிகம், முகாமைத்துவம் படிக்கும் பிள்ளை செய்வது என்ன? கட்டுரை தட்டுவது, விரிவுரைக் குறிப்பு வாசிப்பது, இணையத்தில் தேடுவது, சில வேளைகளில் இணையவழி வகுப்பு. விவசாய பீடத்துப் பிள்ளைக்கு இவற்றோடு கொஞ்சம் புள்ளிவிபரக் கணக்கு. இவர்களுக்கு 8 ஜிபி றாம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. போதும். நான்கு வருடமும் ஓடும். கணினி விஞ்ஞானம் படிப்பவருக்கு 16 ஜிபி இருந்தால் நல்லது. பொறியியல் பிள்ளைகளுக்குப் பின்னைய வருடங்களில் பாரமான வரைதல் மென்பொருள்கள் வரலாம். ஆனால் எந்தத் துறைக்குப் போவார் என்பது முதல் நாளிலேயே தெரியாது. முதற் பருவம் முடியும்வரை பொறுத்து, அதே துறையில் மேல் வருடத்தில் படிக்கும் அண்ணன்மார் அக்காமாரிடம் கேட்டுவிட்டு வாங்குவது புத்தி. அதுவரை வளாகத்தின் கணினி கூடம் இருக்கிறது. "கேமிங்" என்று சிவப்பு வெளிச்சம் எரியும் மடிக்கணினிதான் பொறியியலுக்கு வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், பெற்றோர் ஒரு மாதம் தவணை கேட்கலாம்.

சாதாரண தரம் படிக்கும் பிள்ளைக்கு? எமது அபிப்பிராயத்தில் தேவையில்லை. இதைச் சொல்லும்போது சில பெற்றோர் முகத்தைச் சுளிப்பார்கள். இருந்தும் சொல்கிறோம்.

கமக்காரர் அமைப்பின் செயலாளரோ, மாதர் சங்கப் பொருளாளரோ கணக்கும் கடிதமும் செய்வதற்கு என்றால், பழைய மடிக்கணினி ஒன்றே தாராளம். அவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இன்னமும் பலர் பாமினி எழுத்தில் கடிதம் தட்டுகிறார்கள். அந்த எழுத்து இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோட்டில் தட்டிப் பழகினால் எந்தத் தொலைபேசியிலும் வாசிக்கலாம்.

இனி உள்ளே இருப்பதைப் பார்ப்போம். கடைக்காரர் புறொசெசர் என்பார், பிள்ளையின் பாடநூல் முறைவழியாக்கி என்கிறது. இரண்டும் ஒன்றே. இன்ரெல் கம்பனியின் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர்களில்தான் எமது சனம் ஏமாறுகிறது. பெயருக்குப் பின்னால் வரும் இலக்கமே முக்கியம். 4600 என்றால் முதலில் வரும் 4, நான்காம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 1135 என்றும் 1215 என்றும் வந்தால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும், பதினோராம், பன்னிரண்டாம் தலைமுறை. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-1215யூ, அந்தத் தாய் வாங்கிய ஐ7-4600யூவை விட எல்லா வேலையிலும் விரைவானது. முன்னதற்குள் ஆறு கருக்கள், பின்னதற்குள் இரண்டு. கிழட்டு எருதுக்கு வீரன் என்று பேர் வைத்தால் உழவு விரைவாகுமா?

எட்டாம் தலைமுறை என்ற எல்லையை நினைவில் வைத்திருங்கள். அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, மடிக்கணினிகளில் போடப்படும் சாதாரண ஐ5 வகைக்கு அதுவரை இரண்டு கருக்களே இருந்தன. எட்டாம் தலைமுறையில் நான்காயின. இரண்டாவது காரணம் இன்னும் பெரிது. விண்டோஸ் 10 என்ற பணிசெயல் முறைமைக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஐப்பசி 14 ஆம் திகதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ, ஒரு சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்ட இன்ரெல் எந்திரங்களில் அக்கம்பனி ஏற்றுக்கொள்வதில்லை. ஏழாம், ஆறாம் தலைமுறை எந்திரங்கள் சந்தையில் மலிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடைக்காரர் குறுக்கு வழியில் 11 ஐ ஏற்றித் தருவார், அது ஓடும். நாளைக்குத் திருத்தங்கள் கிடைக்குமா என்பதற்கு அவர் பொறுப்பில்லை.

ஏ.எம்.டி. கம்பனியின் ரைசன் வகையும் நல்லதே. 4000 வரிசையும் அதற்குப் பின் வந்தவையும் என்றால் விண்டோஸ் 11 க்குத் தடையில்லை. ஆனால் அங்கேயும் ஒரு சுழி உண்டு. 7520யூ என்ற இலக்கத்தைப் பார்த்தால் புத்தம் புதிது போல் தெரியும். 7000 வரிசையில் மூன்றாம் இலக்கமே உள்ளிருக்கும் அமைப்பின் வயதைக் காட்டும். இங்கே அது 2, அதாவது 2019 இல் வந்த அமைப்பு. கட்டுரை எழுத அது போதும். ஆனால் இந்த வகையில் றாம் தாய்ப்பலகையோடு ஒட்டியே வரும், பின்னர் கூட்டமுடியாது. வாங்கும்போது 8 ஜிபி என்றால் சாகும்வரை 8 ஜிபி.

ஐ என்ற எழுத்து இல்லாமல் வெறுமனே கோர் 3, கோர் 5 என்றும், கோர் அல்ட்ரா என்றும் வருபவை இன்ரெல் 2023 மார்கழிக்குப் பின் வெளியிட்டவை. அவற்றில் இலக்கம் ஒன்றில் தொடங்கினாலும் பழசு என்று எண்ண வேண்டாம்.

றாம் என்பது சூடடிக்கும் களம். களம் ஒடுங்கலாக இருந்தால் ஆள் எத்தனை நின்றாலும் கதிர் நெருக்குப்படும். 4 ஜிபி இன்று ஒடுங்கிய களம். 8 ஜிபி வேண்டும், கூட்டுவதற்கு ஒரு இடமும் காலியாக இருந்தால் நல்லது. சேமிப்பு என்று வரும்போது 500 ஜிபி, ஒரு ரீபி என்று பெரிய கணக்குச் சொல்லிப் பழைய வன்தட்டை விற்பார்கள். அதற்குள் ஒரு தட்டுச் சுழன்றுகொண்டே இருக்கும். கிறவல் றோட்டில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகும் பொருளுக்கு அது உகந்ததல்ல. எஸ்.எஸ்.டி.க்குள் அசையும் பாகம் ஒன்றுமில்லை, பல மடங்கு விரைவும் கூட. 256 ஜிபி எஸ்.எஸ்.டி., ஆயிரம் ஜிபி வன்தட்டை விட எமது பிள்ளைகளுக்கு உதவும்.

"பழசு வேண்டாம் சுவாமி, பெட்டி உடைக்காத புதுசுதான் வேணும்" என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆசை விளங்குகிறது. வாழ்நாள் முழுக்கப் பிறர் தந்த பழையதைப் பாவித்தவர்களுக்குப் புதியதொன்றின் மணம் பெரிது. ஆனால் குறைந்த விலைப் புதியவற்றில் செலரோன் என்ற பெயருடன், 4 ஜிபி றாமும் 64 ஜிபி சேமிப்பும் உள்ளவை வருகின்றன. விண்டோஸ் 11 தான் இருப்பதற்கே கேட்கும் ஆகக்குறைந்த அளவு 64 ஜிபி. அது குந்தியபின் பிள்ளையின் பாடங்களுக்கு எங்கே இடம்? அந்தச் சேமிப்பும் பலகையோடு ஒட்டியதே. இந்த வகையை எவருக்கும் நாம் சிபாரிசு செய்வதில்லை. புதியதுதான் வேண்டும் என்றால் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி றாம், எஸ்.எஸ்.டி. என்ற மட்டத்துக்குக் கீழே போகவேண்டாம். அதற்குப் பணம் போதாவிட்டால், நல்ல பழையதே மேல்.

நல்ல பழையது எது? வெளிநாட்டுக் கம்பனிகள் தங்கள் ஊழியருக்கு வாங்கி, சில வருடம் பாவித்துக் கழித்துவிடும் மடிக்கணினிகள் இங்கே வந்து சேருகின்றன. வீட்டுப் பாவனைக்கான மலிவு வகைகளை விட இவை உறுதியான கட்டு. கழற்றவும் பாகம் மாற்றவும் இலகு. லெனோவோ திங்க்பாட் ரி480, டெல் லற்றிடியூட் 5490, எச்.பி. எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் இந்த இனத்தவை. மூன்றிலும் றாம் போட இரண்டு இடங்கள் உண்டு. ரி480 இல் பற்றரி இரண்டு. ஒன்று உள்ளே, மற்றது வெளியிலிருந்து கழற்றக்கூடியது. ரைப்-சி சார்ஜரிலும் அது ஏறும். கிராமத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் பெரிய வசதி. ஆனால் ஒரு எச்சரிக்கை. இதே மூன்று பெயர்களிலும் ஏழாம் தலைமுறை எந்திரம் போட்டு வந்தவையும் உண்டு. அதேபோல் மெல்லிசாக, கைக்கு அடக்கமாக இருக்கும் எக்ஸ்280 இல் றாம் பலகையோடு ஒட்டியது. மூடியில் உள்ள பெயரை மட்டும் எழுதிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். உள்ளிருக்கும் இலக்கத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

கடையில் அவசரப்படக் கூடாது. மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்போம், நடத்திப் பார்ப்போம், சுழி பார்ப்போம். இங்கே மட்டும் ஏன் வெட்கம்? ஒவ்வொரு விசையையும் தட்டிப் பாருங்கள். கமராவையும் ஒலியையும் சோதியுங்கள். சார்ஜரைச் செருகி மெல்ல ஆட்டிப் பாருங்கள், விட்டுவிட்டு ஏறுகிறதா என்று தெரியும். பற்றரி அறிக்கையை எடுத்துக் காட்டும்படி கேளுங்கள். புதிதாக இருந்தபோது அது கொண்ட அளவும் இன்று கொள்ளும் அளவும் அதில் இருக்கும், பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்தே பேரம் பேச வேண்டும். பின்னர் சார்ஜரைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் பாவியுங்கள். ஒரு தேநீர் குடித்துவிட்டு வரும் நேரம்தானே.

கம்பனியிலிருந்து வந்தவற்றில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய கம்பனியின் பூட்டு இன்னும் அதில் இருக்கக்கூடும். கடையில் நன்றாக ஓடும். ஒரு நாள் விண்டோஸைப் புதிதாக ஏற்றி இணையத்தில் இணைத்தவுடன், எங்கோ ஒரு தேசத்துக் கம்பனியின் பெயரைக் காட்டிக் கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும். எமது இளைஞர் குழுவினர் வாங்கிய ஒன்றுக்கு இப்படி நேர்ந்தது. பணம் கொடுக்குமுன் கடைக்காரரைக் கொண்டே விண்டோஸைப் புதிதாக ஏற்றுவித்து, உங்கள் தொலைபேசியின் டேட்டாவில் இணைத்துப் பார்த்துவிடுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

பற்றுச்சீட்டில் மொடல் பெயர், புறொசெசர் இலக்கம், றாம், எஸ்.எஸ்.டி., உத்தரவாதக் காலம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "லப்டொப் - 1" என்று மட்டும் எழுதிய துண்டு எதற்கும் உதவாது. அந்தத் தாயிடம் இருந்தது அதுதான். முறையான சீட்டு இருந்து கடைக்காரர் ஏமாற்றினால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமுடியாது. தவணைக்குத் தருகிறோம் என்பார்கள். ஓர் உதாரணத்துக்கு, கைக்காசுக்கு 95,000 ரூபாவான ஒன்றை, முதலில் 20,000 கட்டி, பின்னர் மாதம் 9,500 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டச் சொல்கிறார்கள் என்று வைப்போம். மாதம் 9,500 என்று கேட்க இலேசாக இருக்கும். கூட்டிப் பாருங்கள், 134,000. நீங்கள் கடனாக எடுத்தது 75,000, அதற்கு ஒரு வருடத்தில் கூடக் கட்டுவது 39,000. நுண்கடன் எடுத்துக் கிழமைக் கட்டுக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளிந்திருந்த தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கும் அளவுக்கு அந்தச் சுமை இருந்தது. மடிக்கணினிக்காக அந்த வாசலுக்குத் திரும்பவும் போகவேண்டாம். சீட்டுப் பிடிப்பதோ, மாதர் சங்கத்தின் சுழல்நிதியில் கேட்பதோ, அறுவடைவரை பொறுப்பதோ மேல். கையில் உள்ளதை முழுவதும் கடையில் கொட்டவும் வேண்டாம். பை, டேட்டா, சில வேளை புதுப் பற்றரி என்று பின்னால் செலவுகள் வரும். பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியவை சில. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் பாவிப்பதைத் தவிருங்கள். மெத்தை மேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபடும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர மின்னல் தொடங்கினால், முதலில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள்.

அந்தத் தாயின் மடிக்கணினியை வீசவில்லை. எமது தொழிற்பயிற்சி நிலையத்துப் பையன் ஒருவர் அதைத் திறந்து, வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டார். றாமை 8 ஜிபி ஆக்கினார். விண்டோஸ் 11 அதற்கு ஆகாது என்பதால், காசு கொடுக்கத் தேவையில்லாத லினக்ஸ் மின்ற் என்ற முறைமையையும் லிபரெ ஒஃபிஸையும் ஏற்றினார். இப்போது அடுப்பு மூட்டுமுன் திறந்துவிடுகிறது. மகள் அதோடுதான் விடுதிக்குப் போயிருக்கிறார். கட்டுரை வேலைக்குக் குறையில்லை, ஆனால் பற்றரி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நில்லாதாம். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. சிறுபோகத்தில் மீட்கலாம் என்றிருக்கிறார்.

ஏற்கெனவே இப்படியான பழையதை வாங்கிவிட்டவர்கள் அதை எமது நிலையத்துக்குக் கொண்டுவரலாம். வாங்க இருப்பவர்கள், பணம் கட்டுமுன் கடைக்காரரிடம் மொடல் பெயரையும் புறொசெசர் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி வாங்கி வாருங்கள். பிள்ளையின் தொலைபேசியில் படமெடுத்து வந்தாலும் போதும்.